வீட்டு வாசலால் வந்தவர்கள்



உயர்தர வகுப்புக்குப் புறநானூறு படிப்பிக்கும்போது, ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை விரித்துச் சொல்லுவது என் வழக்கம். அதியமானின் பொருட்டுப் பகையரசனிடம் சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, புகழ்வதுபோல இகழ்ந்து, ஒரு போரைத் தடுக்க முயன்றவர் அவர். நமது இலக்கியம் காட்டும் முதற் பெண் இராஜதந்திரி என்று அவரை மாணவருக்கு அறிமுகம் செய்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழும்பி, "டீச்சர், அவ தூது போன நாளையில வீட்டில ஆர் சமைச்சது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னை உறுத்தத் தொடங்கிற்று. அதியமானைப் பற்றியும் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். அவன் போருக்குப் போன நாளில் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை.

ஔவையார் விடயத்தில் நமது மரபு இதற்கு ஒரு விடையைச் சொல்லித்தான் வைத்திருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் பிள்ளையாரை வேண்டி, இளமை நீங்கி முதுமையைப் பெற்றுக்கொண்டார் என்பது கதை. சங்ககால ஔவைக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை என்று ஆய்வாளர் கூறுவர். அது சரிதான். ஆயினும் கதையைக் கட்டியவர்களுடைய மனம் அதில் தெரிகிறது. ஊர் ஊராகத் திரிந்து, அரசரோடு சரியாக இருந்து கதைக்க வேண்டுமானால், ஒரு பெண் முதலிற் கிழவியாக வேண்டும், கணவனும் பிள்ளையும் இல்லாதவளாக வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நிபந்தனை மாறியது. கிழவியாக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு நிபந்தனை வந்து சேர்ந்தது. அது என்ன என்பதை அறிய, இந்த நாட்டின் சட்டமன்றங்களுக்குள் நமது பெண்கள் எந்த வாசலால் நுழைந்தார்கள் என்று சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1927 ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குரிமை வேண்டும் என்று ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் கூறினார் ஆக்னஸ் டி சில்வா. அக்காலத்துப் பெரிய மனிதர் பலருக்கு இது பிடிக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்று கல்லூரி நிறுவியவரும் அவரேதான். அவர் பெண்கள் கற்பதை விரும்பினார், கற்ற பெண் வீட்டில் இருப்பதையும் விரும்பினார். சைவப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துச் சோறு உண்பவள் நான். அப்பெரியாரை மரியாதையோடு நினைப்பவள். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு உடன்பட என்னால் முடிவதில்லை.

ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. ஈற்றில், 1931 இல், ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் அவ்வுரிமை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் முதலாவது பெண் உறுப்பினர் அரசாங்க சபைக்குள் வந்தார். றுவன்வெல்லத் தொகுதியில், தந்தையார் மீதெனிய அதிகாரம் இறந்ததனால் வந்த இடைத்தேர்தலில் வென்ற அடலின் மொலமுரே என்பவரே அவர். சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் அவருடைய கணவர். அடுத்த ஆண்டு, 1932 இல், இரண்டாவது பெண் வந்தார். அவர் தமிழர், நேசம் சரவணமுத்து. கொழும்பு வடக்கில் வென்றிருந்த அவரது கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனுவினால் ஆசனத்தை இழக்க, அந்த இடைவெளியில் மனைவி போட்டியிட்டு வென்றார். 1941 இல் காலமாகும்வரை அவர் உறுப்பினராக இருந்தார்.

தகப்பன் இறந்ததால் மகள், கணவன் ஆசனம் இழந்ததால் மனைவி. இந்தத் தடம் சுதந்திரத்துக்குப் பின்னரும் அழியவில்லை. 1947 இல் கிரியெல்லவில் வென்ற புளோரன்ஸ் சேனாநாயக்க போன்றோர் கட்சி வேலையினூடாக வந்தவர்கள், அவர்கள் தொகை குறைவு. வேலைநிறுத்தம் தொடர்பான வழக்கில் பிலிப் குணவர்தன அவிசாவளை ஆசனத்தை இழந்தபோது, 1948 இல் மனைவி குசுமா அங்கு தெரிவானார். டீ.பி. இலங்கரத்ன கண்டித் தொகுதியை இழந்தபோது, 1949 இல் மனைவி தமரா குமாரி வந்தார்.

இவர்களுள் குசுமா குணவர்தன அவர்களைப் பற்றி ஒரு விடயத்தைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ஐந்து பிள்ளைகளின் தாய் அவர். அவற்றுள் ஒரு பிள்ளை, அவர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த 1949 மார்ச்சிலே பிறந்தது. அந்தப் பிள்ளைதான் 2022 இல் பிரதமராக வந்த தினேஷ் குணவர்தன. பாக்கிஸ்தானின் பெனாசிர் பூட்டோ 1990 ஜனவரியில், பிரதமராக இருந்தபடியே ஒரு பெண் குழந்தையைப் பெற்றபோது உலகப் பத்திரிகைகள் அதை அதிசயமாக எழுதின. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வாந்தியும் மயக்கமும் கனத்த காலுமாக ஒரு தாய் நமது பாராளுமன்றத்தின் உறுப்பினராக இருந்திருக்கிறார். நான் படித்த வரலாற்றுப் பாடநூலில் அதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை.

இதே காலப்பகுதிக்குச் சற்று முன்னர் கடலுக்கு அப்பால் ஒருவர் வேறு வழியிற் சென்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914 இல் திருமணத்துக்கு உடன்பட முன்னரே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் நிபந்தனை வைத்தார். டாக்டர் சுந்தர ரெட்டி அதை ஏற்றார். 1927 இல் சென்னைச் சட்டசபைக்குள் சென்று, அதன் துணைத் தலைவராகவும் ஆன அந்த அம்மையார் இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். வீட்டையும் சபையையும் எப்படிச் சமாளிப்பது என்ற பேச்சைக் கல்யாணத்துக்கு முன்னரே பேசி முடித்தவர் அவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்தது? எனது சம்பந்தம் பேசியபோது சீதன வீட்டின் கூரை ஓடா, சீற்றா என்று பேசினார்கள். வேறொன்றும் பேசியதாக நினைவில்லை.

ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்களின் கதை யாவரும் அறிந்தது. 1959 செப்டெம்பரிற் கணவர் சுடப்பட்டு இறந்தபோது மூத்த மகளுக்குப் பதினாறு வயது, அடுத்தவருக்குப் பதினான்கு, மகனுக்குப் பத்து. 1960 ஜூலை 21 ஆம் திகதி உலகின் முதலாவது பெண் பிரதமரானார். அவரை 'அழுகின்ற விதவை' என்று எழுதிக் கேலி செய்த வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இருந்தன. கணவர் இறந்து பத்து மாதத்தில் ஒரு மனைவி அழுவதில் என்ன கேலி இருக்கிறதோ தெரியவில்லை. அழாமல் இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

இனி நமது கரையோரத்துக்கு வருவோம். அதற்கு முன், இப்பக்கத்து வீடு எப்படிப்பட்டது என்பதை வெளிமாவட்ட நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மேற்கொண்டு சொல்லப்போவது விளங்காது.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, தமிழரும் முஸ்லிம்களும் குடி என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அந்தக் குடி தாய்வழியால் வருவது. என் அம்மாவின் குடி எனக்கு, எனது குடி என் மகளுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக, அவள் பெயரில் எழுதப்படும். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வளவில் அடுத்தவளுக்குக் கட்டுவார்கள். ஆகவே தாயும் மக்களும் சகோதரிகளும் ஒரே வேலிக்குள் அல்லது அடுத்தடுத்த வேலிக்குள் இருப்பார்கள். வீரமுனையிலும் காரைதீவிலும் எப்படியோ, சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அப்படித்தான். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் வேலிக்கு மேலாக ஒரு குரல் போதும்.

ஆனால் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். குடி பெண்ணால் வருகிறது, குடியின் பெயரால் வரும் பதவியோ ஆணுக்கே போகிறது. கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர். அம்மாவின் குடிக்காக மாமா போய்ச் சபையில் இருப்பார். இது இரண்டு சமூகத்துக்கும் பொது. பொது வாழ்வு என்பதை நாங்கள் முதன்முதலிற் கண்டது பாராளுமன்றத்தில் அல்ல, கோயில் மண்டபத்திலும் பள்ளி விறாந்தையிலுந்தான். அங்கு பெண் தன் குடியைக் கொடுத்தாள், இருக்கையைப் பெறவில்லை.

இந்த மண்ணிலிருந்து முதலிற் பாராளுமன்றம் சென்ற பெண், ரங்கநாயகி பத்மநாதன் அவர்கள். சுதந்திரத்துக்குப் பின் பாராளுமன்றத்துள் நுழைந்த முதலாவது தமிழ்ப் பெண்மணியும் அவரே. 1977 இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியில் தெரிவான எம். கனகரத்தினம் அவர்கள், கட்சி மாறிய பின் 1978 ஜனவரியிற் சுடப்பட்டு, உடல் தேறாமல் 1980 இற் காலமானார். அவருடைய இடத்துக்குச் சகோதரி ரங்கநாயகி நியமிக்கப்பட்டார். குடிக்காக மாமா போகும் வழக்கத்தில், அண்ணனுக்காகத் தங்கை போன புதுமை அது. அந்தப் புதுமைக்கும் ஒரு மரணம் தேவைப்பட்டது.

வடக்கிலும் அந்நாட்களில் இப்படித்தான் நிகழ்ந்தது. கணவர் புலேந்திரன் 1983 இற் கொல்லப்பட்ட பின்னர், 1989 இல் வன்னியிலிருந்து இராஜமனோகரி புலேந்திரன் பாராளுமன்றம் சென்றார். 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி, 1998 ஜனவரியில் யாழ்ப்பாண மாநகர முதல்வரானார். நான்கு மாதங்களும் ஆகவில்லை, மே 17 ஆம் திகதி தம் வீட்டில் வைத்தே சுடப்பட்டார். வீட்டையும் பொது வாழ்வையும் சமன்செய்வது பற்றிப் பிற நாட்டார் எழுதும் புத்தகங்களில் இந்தப் பக்கம் இருப்பதில்லை. எங்கள் பெண்கள் சிலருக்கு எது வீடு, எது களம் என்ற எல்லைக்கோடே இருக்கவில்லை.

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி சனிக்கிழமை. அப்போது நான் இருபது வயதை ஒட்டிய மாணவி. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் ஹெலிகொப்டர் அரநாயக்கப் பகுதி மலையில் விழுந்து நொறுங்கியது. சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், 'நான் எனும் நீ' என்ற பெருங்கவிதைத் தொகுதியை வெளியிட்டவர், ஒலுவிலிற் பல்கலைக்கழகம் எழக் காரணமானவர். அன்று மாலை ஹிஜ்ரா சந்திப் பக்கம் கடைகள் பூட்டிக் கிடந்ததும், பெரிய ஆண்கள் தெருவில் நின்று சிறு பிள்ளைகள்போல அழுததும் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. எங்கள் தமிழ்க் கிராமத்தில் அவருடைய அரசியலோடு ஒத்துப் போகாதவர்கள் பலர். அன்றைக்கு ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை.

பொதுத் தேர்தல் ஒக்டோபர் 10 ஆம் திகதி. இடையில் இருந்தவை இருபத்துநான்கு நாட்கள்.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பது மார்க்கம் விதித்த கடமை. அலங்காரம் தவிர்த்து, வீட்டோடு இருந்து, துக்கத்தை அடக்கிக்கொள்ளும் காலம் அது. என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் சம்மாந்துறை ஆசிரியை ஒருவர், தன் உம்மா இத்தா இருந்த நாட்களைப் பற்றி ஒருமுறை சொன்னார். ஊர்ப் பெண்கள் முறைவைத்துச் சோறு கொண்டுவருவார்களாம், உம்மா ஒரு வேலைக்கும் எழும்பத் தேவையில்லையாம். "அது சிறை இல்ல டீச்சர். வாழ்க்கையில எங்கட உம்மா ஆறி இருந்தது அந்த நாலு மாதந்தான்" என்றார். சைவ வீட்டில் விதவைக்கு நாங்கள் செய்து வந்த கொடுமைகளை நினைத்து, அதைக் கேட்டு நான் பேசாமல் இருந்தேன்.

பேரியல் அஷ்ரப் அவர்களுக்கு அந்த நாலு மாதமும் பத்து நாளும் 2001 ஜனவரி பிந்திய பகுதிவரை செல்ல வேண்டியவை. அதற்குள் தேர்தல் வந்தது, அவர் திகாமடுல்ல மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினரானார். அதற்குள் அமைச்சரவை வந்தது, இலங்கையின் முதலாவது முஸ்லிம் பெண் அமைச்சரவை அமைச்சரானார். அதற்குள் கட்சியின் தலைமை பற்றிய பிணக்கும் வந்துவிட்டது. அந்நாட்களில் அவர் துக்கத்தை எப்படிக் காத்தார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது, அதில் எனக்கு வேலையில்லை. நான் பேசுவது நாட்காட்டியைப் பற்றி. ஒரு பெண்ணுக்கு மார்க்கம் கொடுத்த ஆறுதற் காலத்தை அரசியல் பொறுத்திருக்கவில்லை. வெற்றிடம் வந்த உடனே அவர் தேவைப்பட்டார். அவர் அதுவரை அரசியற் பதவி எதுவும் வகித்தவர் அல்லர். வாக்காளரிடம் அவரைக் கொண்டுபோன தகுதி, அவர் அந்த வீட்டின் மனைவி என்பது.

அந்த ஒக்டோபர் 10 ஆம் திகதியைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். அன்றுதான், 84 வயதான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்கள் தம் வாக்கை அளித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார். கணவனின் வெற்றிடத்தால் முதன்முதல் ஆட்சிக்கு வந்த பெண் கண் மூடிய அதே நாளில், கணவனின் வெற்றிடத்தால் எங்கள் கரையோரத்துப் பெண் ஒருவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று நானே சிவப்புப் பேனையாற் கோடிடுவேன்.

பேரியல் அஷ்ரப் அவர்கள் பத்து ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இருந்தார். நுஆ என்று நாம் சொல்லும் தேசிய ஐக்கிய முன்னணியை வழிநடத்தினார். 2001 இலும் 2004 இலும் மீண்டும் வென்றார், 2010 இல் தோற்றார், 2011 இற் சிங்கப்பூருக்கு உயர் ஸ்தானிகராகப் போனார். அந்தப் பத்து ஆண்டும், பிள்ளை, வீடு, உடை, தலைமறைப்பு, யாரோடு மேடையில் இருந்தார், எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார் என்ற கேள்விகளைக் கடைத்தெருவில் நானே கேட்டிருக்கிறேன். அஷ்ரப் அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், கப்பல் துறைமுக அமைச்சும் கட்சியும் கவிதையும் வழக்குகளுமாக அவர் நாடெங்கும் திரிந்த காலத்தில், அவருடைய வீட்டைப் பார்ப்பது யார் என்று ஒருவர் கேட்டு நான் அறியேன். கேட்டிருந்தால் பதில் சுலபம். அந்தப் பதில்தான் பிறகு அமைச்சரானது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது வீடமைப்பு அமைச்சு அவரிடம் இருந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்ச்சேதம் எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுப் பக்கமிருந்து சனங்கள் உள்ளூராகிய சம்மாந்துறைக்கு ஓடி வந்தார்கள். பாடசாலைகள் அகதி முகாம்களாயின. பின்னர் வீடு கட்டும் காலம் வந்தது. சவூதி உதவியோடு நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கில் அகப்பட்டு, ஆண்டுக்கணக்காக ஆள் புகாமற் காடேறிக் கிடந்தன. அது நீண்ட கதை, அதை இங்கு எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. கடல் கொண்டுபோன வீடுகளிற் பெரும்பாலானவை, நான் முன்னர் சொன்ன வழக்கப்படி, பெண்களுடைய சீதன வீடுகள். புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கூடு இருந்தது. அதில் கணவனுடைய பெயர் எழுதப்பட்டது. அந்தப் பெயருக்கே புதுவீட்டின் உரித்தும் போயிற்று. தாய்வழியாக இறங்கி வந்த வீடு ஒரு படிவத்தின் கூட்டுக்குள் கைமாறியது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. அமைச்சரின் கதிரையில் ஒரு பெண் இருந்தார்தான். கொழும்பில் அச்சடித்த படிவமோ அவர் அக்கதிரைக்கு வருவதற்கு முன்னரே எழுதப்பட்ட மனப்போக்கின் படிவம். எங்களிற் பலர் அன்றைக்கு அந்தக் கூட்டை நிரப்பிவிட்டுக் கையெழுத்துக்குக் கணவனைத் தேடினோம்.

இனி என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பெயர்களும் சபையும் வேண்டாம்.

உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பெண்களுக்கு என்று சட்டம் வந்தபின் நடந்த முதற்தேர்தல் 2018 பெப்ரவரி 10 ஆம் திகதியது. அதற்கு முன் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். சட்டம் வந்ததும் கட்சிக்காரருக்குப் பெண் பெயர்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. எங்கள் பக்கம் வந்தவர்கள் என் மச்சாளின் வீட்டுக்கு, அதாவது என் அண்ணன் கல்யாணம் செய்து போயிருக்கும் வீட்டுக்கு, வந்தார்கள். விறாந்தையில் அண்ணனோடு இருந்து ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மச்சாள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு, "உன்ர பேரைப் போடப் போறாங்களாம், நான் ஓமெண்டு சொல்லிட்டன்" என்றார் அண்ணன். வீடு மச்சாளுடையது, உறுதி அவள் பெயரில். பெயரும் அவளுடையதுதான். கேட்கப்பட்டவர் அண்ணன்.

மச்சாள் உறுப்பினரானாள். சங்கக் கடையிற் கணக்கு எழுதியவள் அவள். வரவுசெலவுத் திட்டத்தைக் கையிற் கொடுத்தால் எந்தப் பக்கத்தில் ஓட்டை என்று ஒரு இரவிற் கண்டுபிடிப்பாள். ஆனால் கூட்டங்கள் பின்னேரம் தொடங்கி இருட்டும்வரை இழுபட்டன. சபையிற் பேச எழுந்தால், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். அது ஒரு கட்சிக்குரிய குரல் அன்று, எல்லாப் பக்கத்திலும் இருந்தது. அந்த ஆண்டு மருமகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. மச்சாளின் அம்மா சமைத்தார், தங்கை பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு போனாள், நான் மாலையில் போய்த் தமிழும் சுற்றாடலும் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் குறைந்த மனிதர் அல்லர். மச்சாளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய்ச் சபை வாசலில் விட்டு, கூட்டம் முடியும்வரை எதிர்க்கடையிற் காத்திருப்பார். ஊர் அவரைத்தான் பாராட்டியது. பொம்பிளைக்காக எப்படிக் கஷ்டப்படுகிறார் பாருங்கள் என்றார்கள். அடுப்படியில் நின்ற மூன்று பெண்களை ஒருவரும் எண்ணவில்லை.

பரீட்சையில் அவன் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே வந்தான். அன்று இரவு மச்சாள் என்னிடம் வந்து இருந்து அழுதாள். "நான் போகாம இருந்திருக்கலாம் மச்சாள்" என்றாள். அந்த ஆண்டு அவனுடைய வகுப்பில் வெட்டுப்புள்ளி எடுக்காதவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் எந்தச் சபைக்கும் போகாதவர்கள். அதைச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் ஒரு தாய், அவளுக்குச் சொன்ன நியாயத்தை எனக்கு நானே சொல்லி நம்பியவள் அல்லள். என் மகள் காய்ச்சலோடு கிடந்த நாட்களில், விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் எத்தனையோ தடவை கைகள் நடுங்கியிருக்கின்றன.

2023 மார்ச்சிற் சபைகளின் காலம் முடிந்தது. ஐந்து ஆண்டில் அவள் பெயர் சொல்ல, இரண்டு ஒழுங்கை விளக்குகளும், பெண்கள் குளிக்கும் வாய்க்காற்கரையில் ஒரு மறைப்புச் சுவரும் மிஞ்சின. சுவரைப் பற்றி ஆண் உறுப்பினர் ஒருவர்கூட அதற்கு முன் யோசித்திருக்கவில்லை. 2024 நவம்பரில், வரலாற்றில் முதற்தடவையாகப் பாராளுமன்றத்திற் பெண்களின் தொகை இருபதைத் தாண்டியது. மாத்தறையிலிருந்து சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் வென்று அமைச்சரானார். பிரதமராக ஹரிணி அமரசூரிய வந்தார். தகப்பனின் ஆசனமோ கணவனின் மரணமோ இவர்களுக்குத் தேவைப்படவில்லை. அச்செய்தியை நானும் மச்சாளும் ஒரே தொலைபேசியிற் பார்த்தோம்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் ஒரு பின்னேரம். நான் மச்சாள் வீட்டில் இருந்தேன். அதே கட்சிக்காரர் வந்தார்கள். படலையில் நின்று, "அண்ணன் இருக்கிறாரா?" என்று கேட்டார்கள்.

மச்சாள் சேலைத் தலைப்பாற் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். "அவர் வயலுக்குப் போயிட்டார். வாங்க, இருங்க, என்னோட கதைக்கலாம்" என்றாள். அவர்களுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கூட்டங்களை எத்தனை மணிக்கு வைப்பார்கள் என்பதுதான் அவள் கேட்ட முதற் கேள்வி.

தேநீருக்காக உள்ளே திரும்பிப் பார்த்தாள். நான் எழும்பவில்லை. உயர்தரம் படிக்கும் மருமகனைப் பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு எழும்பி அடுப்படிக்குப் போனான். அவன் போட்ட தேநீரில் சீனி கூடிப்போயிற்று. வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமற் குடித்தார்கள்.